நீதிமன்றப் படி ஏறாமல் டிரஸ்டைத் திருத்துவது: அமெரிக்கச் சட்டம் திறந்துவிட்ட வழிகளும் வரித் துறையின் கணக்கும்

2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தில் 6,75,000 டாலர் வரைக்கும்தான் கூட்டாட்சி அரசின் எஸ்டேட் வரியிலிருந்து விலக்கு இருந்தது. அதற்கு மேற்பட்ட தொகைக்கு வரி 37 விழுக்காட்டில் தொடங்கி 55 விழுக்காடு வரை ஏறியது. ஆகவே சொந்த வீடும் ஓய்வூதியச் சேமிப்பும் கொஞ்சம் பங்குகளும் வைத்திருந்த நடுத்தரத் தம்பதிகளுக்குக்கூட அன்றைய வழக்கறிஞர்கள் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். முதலில் இறப்பவரின் விலக்குத் தொகை அவருடைய துணையின் கைக்கு நேராகப் போகாமல் ஒரு டிரஸ்டுக்குள் போக வேண்டும். உயிருடன் இருப்பவர் அதன் வருமானத்தை அனுபவிக்கலாம். அவரும் மறைந்த பிறகு முதல் தொகை பிள்ளைகளைச் சேரும். இடையில் அந்தச் சொத்து அவருடைய எஸ்டேட்டில் சேராது. பைபாஸ் டிரஸ்ட் என்று அழைக்கப்படும் இந்த ஏற்பாடு ரத்து செய்ய முடியாதது. அப்படி இருந்தால்தான் வரிச் சலுகை கிடைக்கும்.

பிறகு சட்டம் மாறியது. விலக்கு வரம்பு 2011-இல் 50 லட்சம் டாலருக்கு உயர்ந்தது. 2025-இல் நிறைவேறிய சட்டத்தின்படி 2026 முதல் அது தலைக்கு ஒன்றரைக் கோடி டாலர். 2001-இல் கணவர் இறந்தபோது டிரஸ்டுக்குள் போன 6,75,000 டாலர் பங்குகள் இன்று 40 லட்சம் டாலர் பெறும் என்று வைத்துக்கொள்வோம். அவை மனைவியின் சொந்தச் சொத்தாக இருந்திருந்தால், அவர் இறக்கும்போது பிள்ளைகளுக்கு அடக்க விலை, அதாவது ஆதாயத்தைக் கணக்கிட வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளும் தொகை, 40 லட்சமாக உயர்ந்துவிடும். மறுநாளே விற்றாலும் மூலதன ஆதாய வரி இல்லை. எஸ்டேட் வரியும் இல்லை, ஏனெனில் தொகை விலக்கு வரம்புக்கு மிகக் கீழே இருக்கிறது. டிரஸ்டுக்குள் இருப்பதாலேயே அடக்க விலை 2001-இன் 6,75,000 டாலரிலேயே நின்றுவிடுகிறது. ஆதாயம் 33,25,000 டாலர். உச்ச விகிதமான 20 விழுக்காட்டோடு முதலீட்டு வருமானத்தின் மீதான 3.8 விழுக்காட்டையும் சேர்த்தால் வரி ஏறத்தாழ 7,91,000 டாலர். வரியைத் தவிர்க்க எழுதிய பத்திரமே வரியைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதை எழுதியவரோ உயிரோடு இல்லை.

இப்படிப்பட்ட டிரஸ்டுகள் அமெரிக்காவில் ஏராளம். வரிச் சட்டம் மாறியது மட்டுமே காரணமன்று. சொத்தை நிர்வகிக்கும் டிரஸ்டியாக இருந்த வங்கி வேறொரு வங்கியோடு இணைந்து கட்டணத்தை உயர்த்தியிருக்கும். பயனாளி ஒருவருக்கு ஊனம் ஏற்பட்டு அரசு உதவி தேவைப்படும். முப்பது வயதில் முழுத் தொகையையும் கொடுக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருக்க, முப்பதை எட்டும் மகன் கடனிலோ விவாகரத்து வழக்கிலோ சிக்கியிருப்பான். நீதிமன்றத்துக்குப் போனால் இவற்றுக்கெல்லாம் பரிகாரம் உண்டு. ஆனால் அதற்கு மாதக்கணக்கில் காலம் பிடிக்கும். மைனர்களின் நலனைக் காக்க நியமிக்கப்படும் காப்பாளரின் கட்டணம் டிரஸ்டிலிருந்தே போகும். குடும்பத்தின் சொத்து விவரம் பொது ஆவணமாகிவிடும். ஆகவேதான் கடந்த கால் நூற்றாண்டில் மாநிலச் சட்டங்கள் நீதிமன்றத்துக்கு வெளியே பல வழிகளைத் திறந்துவிட்டன.

அவற்றைப் பார்க்கும் முன் ஒரு அடிப்படையைத் தெளிவுபடுத்த வேண்டும். இங்கே பேசப்படுவது தர்ம காரியத்துக்கான அறக்கட்டளை அல்ல, குடும்பச் சொத்துக்கான டிரஸ்ட். அதை ரத்து செய்ய முடியாது என்ற நிபந்தனை, உருவாக்கியவர் தம் விருப்பப்படி தனியாக அதைக் கலைக்கவோ சொத்தைத் திரும்ப எடுக்கவோ முடியாது என்பதைத்தான் சொல்கிறது. வேறு எவரும் எந்தச் சூழ்நிலையிலும் அதன் விதிகளைத் தொடவே முடியாது என்று அதற்குப் பொருளில்லை. பொதுவழக்குச் சட்டத்தின் தாயகமான இங்கிலாந்தில் 1841-இன் சாண்டர்ஸ் எதிர் வாட்டியர் தீர்ப்பு, வயது வந்த பயனாளிகள் எல்லாரும் ஒத்துக்கொண்டால் டிரஸ்டை முடித்துச் சொத்தைக் கேட்டு வாங்கலாம் என்று நிலைநாட்டியது. நம் ஊரில் நடப்பிலுள்ள 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டமும் இந்த மரபைச் சேர்ந்ததே. ஒப்பந்தம் செய்யும் தகுதியுள்ள பயனாளிகள் அனைவரின் சம்மதத்தோடு, உருவாக்கியவரின் கட்டளையையே மாற்றியமைக்க அதன் 11-ஆம் பிரிவு இடம் தருகிறது.

அமெரிக்கா இதிலிருந்து விலகிப் போனது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1889-இல் தீர்ப்பான கிளாஃப்லின் எதிர் கிளாஃப்லின் வழக்கில், மகனுக்கு 21 வயதில் 10,000 டாலர், 25 வயதில் 10,000, மீதி முழுவதும் 30 வயதில் என்று தந்தை எழுதி வைத்திருந்தார். அந்தப் பணத்தில் வேறு யாருக்கும் பங்கில்லை. இருந்தும், முன்கூட்டியே கொடுக்கும்படி மகன் கேட்டபோது நீதிமன்றம் மறுத்துவிட்டது. கொடுப்பவரின் முக்கிய நோக்கத்தை வாங்குபவர்கள் தங்களுக்குள் கூடிக் கலைத்துவிட முடியாது என்ற கொள்கை அங்கிருந்து வேரூன்றியது. இன்றைய அமெரிக்கத் திருத்த முறைகள் எல்லாமே இந்த முக்கிய நோக்கம் என்ற வேலியை ஒட்டியோ சுற்றியோ போவதற்காக அமைந்தவை.

முதல் வழி உடன்படிக்கை. 2000-இல் வகுக்கப்பட்டு முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தத்தம் மாற்றங்களோடு ஏற்றுக்கொண்ட சீர்மை டிரஸ்ட் சட்டத்தின் 111-ஆம் பிரிவு, தொடர்புடைய எல்லாரும் கையெழுத்திட்டால் நீதிமன்றம் இல்லாமலே கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொள்ளலாம் என்கிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: முக்கிய நோக்கத்தை மீறக் கூடாது, நீதிமன்றம் அங்கீகரித்திருக்கக்கூடிய விதிகளாகவே இருக்க வேண்டும். பத்திரத்தின் குழப்பமான வாசகத்துக்குப் பொருள் காண்பது, டிரஸ்டியின் ராஜினாமா, புதியவரை அமர்த்துவது, ஊதியம், நிர்வாக இடத்தை வேறு மாநிலத்துக்கு மாற்றுவது ஆகியவை இதற்குள் அடங்கும். பயனாளிகளில் மைனர்களும் இனிப் பிறக்கப் போகிறவர்களும் இருப்பார்களே, அவர்களுக்காக யார் கையெழுத்திடுவது? நலன் முரண்பாடு இல்லாதவரை, தனிக் காப்பாளர் இல்லாத பிள்ளைக்காகப் பெற்றோர் கையெழுத்திடலாம். ஏறத்தாழ ஒரே மாதிரியான பங்குடைய இன்னொரு பயனாளியும் அவர்களைப் பிரதிநிதித்துவம் செய்யலாம். இந்தப் பிரதிநிதித்துவ விதிகள் இல்லாவிட்டால் முழு ஏற்பாடும் ஏட்டுச் சுரைக்காய்தான். அதே சமயம் மிக எளிதாக உடையும் இடமும் இதுவே. தாய்க்குக் கூடுதலாகவும் பிள்ளைக்குக் குறைவாகவும் கிடைக்கச் செய்யும் மாற்றத்தில், பிள்ளையின் சார்பில் தாயே கையெழுத்திட்டால் அது நிற்காது.

நடைமுறையில் இந்த உடன்படிக்கை அதிகம் பயன்படுவது டிரஸ்டியை மாற்றத்தான். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். வங்கிக்குக் கட்டணம் கொடுப்பானேன், சென்னையில் இருக்கும் சித்தப்பாவையே டிரஸ்டி ஆக்கிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் டிரஸ்டின் முக்கிய முடிவுகள் அனைத்தும் அமெரிக்க நபர்களின் கட்டுப்பாட்டில் இருந்தால்தான் வரிச் சட்டம் அதை உள்நாட்டு டிரஸ்டாக ஏற்கும். அமெரிக்கக் குடியுரிமையோ வரி நோக்கிலான வதிவிடமோ இல்லாத ஒருவரிடம் அந்த அதிகாரம் போனால் அது வெளிநாட்டு டிரஸ்டாகிவிடலாம். சொத்தை அன்றே விற்றதுபோல் கருதி ஆதாய வரி விதிக்கும் நிலையும், கடுமையான அறிக்கைக் கடமைகளும் பின்தொடரும். டிரஸ்டி திடீரென இறந்ததுபோன்ற எதிர்பாராத மாற்றத்தால் இது நேர்ந்தால் சரிசெய்ய 12 மாத அவகாசம் உண்டு. தெரிந்தே கையெழுத்திட்டு வரவழைத்துக்கொண்டதற்கு அந்த அவகாசத்தை நம்பியிருக்க முடியாது.

டிரஸ்டை உருவாக்கியவர் உயிரோடு இருந்தால் இன்னும் அகலமான வாசல் ஒன்று இருக்கிறது. அவரும் பயனாளிகள் அனைவரும் ஒப்புக்கொண்டால், முக்கிய நோக்கத்துக்கு மாறாக இருந்தாலும் டிரஸ்டைத் திருத்தலாம், கலைக்கவும் செய்யலாம். நோக்கத்துக்கு உரியவரே உடன்படும்போது அதை வேறு யாருக்காகக் காப்பது என்பதே இதன் தர்க்கம். கலிஃபோர்னியாவில் இதற்கு எழுத்துமூலமான சம்மதம் போதும். வேறு சில மாநிலங்கள் இதற்கும் நீதிமன்ற ஒப்புதல் கேட்கின்றன. ஆனால் உருவாக்கியவர் கையெழுத்திடும் ஒவ்வொரு திருத்தமும், அவர் சொத்தின் மீது இன்னும் பிடி வைத்திருந்தார் என்ற வாதத்தை வரித் துறைக்கு எடுத்துக் கொடுக்கக்கூடும். எல்லாருடைய சம்மதமும் இருந்தால் மட்டுமே பயன்படுத்த முடிகிற, மாநிலச் சட்டம் ஏற்கெனவே தரும் உரிமைக்கு மேல் எதையும் சேர்க்காத அதிகாரத்தை எஸ்டேட் வரி விதிகள் விட்டுவிடுகின்றன என்பது ஆறுதல். என்றாலும் அனுபவமுள்ள வழக்கறிஞர்கள், உருவாக்கியவரை மேசைக்கு வெளியே வைத்திருக்கவே விரும்புவார்கள்.

அடுத்தது டீகேன்டிங். ஒரு குடுவையிலிருந்து இன்னொன்றுக்குத் தெளிவை வடித்து ஊற்றிக் கசடை விட்டுவிடுவதுபோல், பழைய டிரஸ்டின் சொத்தை டிரஸ்டி புதிய விதிகள் கொண்ட இன்னொரு டிரஸ்டுக்குள் மாற்றிவிடுகிறார். பயனாளியின் கையில் முழுத் தொகையையும் கொடுக்கவே அதிகாரம் பெற்ற டிரஸ்டி, அதைவிடக் குறைந்த ஒன்றை, அதாவது அவருக்காக இன்னொரு டிரஸ்டில் கொடுப்பதை, ஏன் செய்யக் கூடாது என்பதே இதன் அடிப்படை. 1940-இல் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் ஃபிப்ஸ் வழக்கில் இந்த வாதத்தை ஏற்றது. நியூயார்க் 1992-இல் முதல் சட்டத்தை இயற்றியது. 2015-இல் மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டமும் வந்தது. மாதிரிச் சட்டத்தின்படி பயனாளிகளின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ தேவையில்லை. 60 நாள் முன்னறிவிப்பு போதும்.

ஆனால் டிரஸ்டியின் கை எவ்வளவு நீளும் என்பது, பழைய பத்திரம் அவருக்கு எவ்வளவு விருப்புரிமை கொடுத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பயனாளியின் நலனுக்கு ஏற்றதாக அவர் கருதும் எந்தக் காரணத்துக்காகவும் முதல் தொகையைக் கொடுக்கலாம் என்றிருந்தால், புதிய டிரஸ்டில் சில பயனாளிகளை நீக்கவும் நடப்புப் பயனாளிக்குப் புதிய அதிகாரம் தரவும் முடியும். உடல்நலம், கல்வி, பராமரிப்பு, ஆதரவு என்ற வழக்கமான நான்கு காரணங்களுக்குள் அடைத்திருந்தால், பயனாளிகளின் பங்கு பழையதைப் போலவே இருக்க வேண்டும். நிர்வாக விதிகளை மட்டுமே மாற்றலாம். இந்தக் கண்டிப்புக்கு மனிதாபிமானமான ஒரு விலக்கு உண்டு. துணை பாதுகாப்பு வருமானம் எனும் அரசு உதவிக்குத் தனிநபர் ஒருவரின் கணக்கில் வரும் சொத்து 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. டிரஸ்டிலிருந்து பணம் கேட்டு வாங்கும் உரிமையே சிலருக்கு அந்த உதவியைப் பறித்துவிடும். ஊனமுற்ற பயனாளிக்காகச் சிறப்புத் தேவை டிரஸ்டுக்கு மாற்றுவதை, குறுகிய விருப்புரிமை உள்ள டிரஸ்டிக்கும் மாதிரிச் சட்டம் அனுமதிக்கிறது. டிரஸ்டி தம் ஊதியத்தை உயர்த்திக்கொள்ளவோ பொறுப்பிலிருந்து நழுவவோ இதைப் பயன்படுத்தாமலிருக்கத் தனித் தடைகளும் அதில் உள்ளன.

டீகேன்டிங்கின் வீச்சு எவ்வளவு என்பதை மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்தின் 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு காட்டுகிறது. ஃபெர்ரி எதிர் பவல்-ஃபெர்ரி வழக்கில், 1983-இல் தந்தை மகனுக்காக உருவாக்கிய டிரஸ்டில், வயது ஏற ஏற மகன் கேட்டு வாங்கக்கூடிய விழுக்காடும் ஏறும். மனைவி கனெக்டிகட்டில் விவாகரத்து வழக்குப் போட்டபோது, சொத்தில் 75 விழுக்காட்டைக் கேட்டுப் பெறும் நிலையில் மகன் இருந்தார். டிரஸ்டிகள் 2011-இல், மகனின் சம்மதம்கூட இல்லாமல், முழுச் சொத்தையும் அப்படிக் கேட்கும் உரிமையே இல்லாத புதிய டிரஸ்டுக்கு மாற்றினார்கள். பத்திரம் அவர்களுக்குக் கொடுத்திருந்த பரந்த அதிகாரத்துக்குள் இது அடங்கும் என்றது நீதிமன்றம். சட்டப்படி தீர்ப்பில் குறை காண்பது கடினம். ஆனாலும் பழுது பார்ப்பதற்கான கருவி ஒன்று, எதிரே நிற்பவரின் கைக்கு எட்டாதபடி சொத்தை நகர்த்தும் கருவியாகவும் ஆக முடியும் என்பதை இந்த வழக்கைப் படிக்கும் யாரும் உணராமல் இருக்க முடியாது. நீதிபதி இல்லாத இடத்தில், எதிர்த் தரப்பின் குரலைக் கேட்கும் கடமையும் யாருக்கும் இருப்பதில்லை.

உடன்படிக்கையும் டீகேன்டிங்கும் இல்லாமல் காரியத்தை முடிக்கும் வழிகளும் உண்டு. கூடுமானவரை இவற்றையே முதலில் தேட வேண்டும் என்பது என் கருத்து. புரொடெக்டர் எனப்படும் மூன்றாம் நபருக்குத் திருத்தும் அதிகாரத்தைப் பத்திரமே கொடுத்திருக்கலாம். சொத்து யாருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் நியமன அதிகாரம் பயனாளி ஒருவருக்கு இருந்தால் அவர் உயில் வழியாகவே சொத்தைத் திருந்திய டிரஸ்டுக்குத் திருப்பிவிடலாம். வருமான வரியை உருவாக்கியவரே கட்டும் வகை டிரஸ்டுகளில், சம மதிப்புள்ள சொத்தைக் கொடுத்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலும் அவருக்கு இருக்கும். ஏறிய பங்குகளை வெளியே எடுத்து ரொக்கத்தை உள்ளே வைத்தால் அடக்க விலைப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஆயுள் காப்பீட்டு பாலிசி வைத்திருக்கும் பழைய டிரஸ்டின் விதிகள் பிடிக்கவில்லையென்றால், நல்ல விதிகளோடு புதிய டிரஸ்ட் ஒன்றை எழுதி, பாலிசியை நியாய விலைக்கு அதற்கு விற்றுவிடலாம். பழையதில் வெறும் ரொக்கம் மிஞ்சும். சொத்து மிகச் சிறிதாகி, நிர்வாகச் செலவுக்கே கட்டாது என்றால், பயனாளிகளுக்கு அறிவித்துவிட்டு டிரஸ்டியே முடித்துவிடலாம்; சீர்மை டிரஸ்ட் சட்டம் இதற்கு 50,000 டாலரை எல்லையாக வைத்திருக்கிறது.

மேலே சொன்ன பைபாஸ் டிரஸ்டுக்கு இவற்றில் எது பொருந்தும்? டிரஸ்டிக்குப் பரந்த விருப்புரிமை இருந்தால், ஏறிய பங்குகளைத் தாயின் கையிலேயே கொடுத்துவிடுவது எல்லாவற்றிலும் எளிது. அவருக்கு மறுமணமோ கடனோ மறதி நோயோ வரலாம் என்ற கவலை இருந்தால், புதிய டிரஸ்டுக்கு மாற்றி, தம் எஸ்டேட்டின் கடன்களைத் தீர்க்க அந்தச் சொத்தை உயிலில் ஒதுக்கும் பொது நியமன அதிகாரத்தை மட்டும் தாய்க்குக் கொடுக்கலாம். அந்த அதிகாரம் இருந்தாலே, அவர் அதைப் பயன்படுத்தாவிட்டாலும், சொத்து அவருடைய எஸ்டேட்டில் சேரும். அடக்க விலையும் உயரும். ஆனால் அவர் எங்கே வசிக்கிறார் என்று பார்க்காமல் இதைச் செய்யக் கூடாது. ஆரெகனில் மாநில எஸ்டேட் வரி 10 லட்சம் டாலரிலும் மாசசூசெட்ஸில் 20 லட்சம் டாலரிலும் தொடங்குகிறது. மத்திய வரியில் மிச்சம் பிடிப்பதில் ஒரு பகுதி மாநில வரியில் போய்விடும். டிரஸ்டியின் அதிகாரம் அந்த நான்கு காரணங்களுக்குள் அடைபட்டிருந்தாலோ டீகேன்டிங் உதவாது. பிள்ளைகளின் சம்மதத்தை நாட வேண்டியிருக்கும். அந்தச் சம்மதத்துக்கு வரிச் சட்டத்தில் ஒரு விலை இருக்கிறது.

டிரஸ்டில் பங்குள்ள ஒருவர் அதை விட்டுக்கொடுத்தால், அது இன்னொருவருக்கு அவர் கொடுத்த கொடையாகக் கருதப்படலாம். 2024 செப்டம்பரில் அமெரிக்க வரி நீதிமன்றம் மெக்டூகல் வழக்கில் இதைத்தான் உறுதிப்படுத்தியது. 2011-இல் இறந்த மனைவியின் உயிலின்படி ஏற்பட்ட டிரஸ்டில், கணவருக்கு ஆயுள் முழுதும் வருமானம்; அவருக்குப் பின் முதல் தொகை அவர்களுடைய இரண்டு பிள்ளைகளுக்கு. 2016-இல், 11 கோடி டாலருக்கும் மேல் மதிப்பிருந்த அந்தச் சொத்து முழுவதையும் தந்தைக்கே கொடுத்துவிடும்படி மூவரும் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்படிக்கை செய்துகொண்டார்கள். தந்தை அதில் ஒரு பகுதியைக் கடன் பத்திரம் பெற்றுக்கொண்டு பிள்ளைகளுக்கான டிரஸ்டுகளுக்கு விற்றார். தந்தை கொடை செய்யவில்லை, தங்கள் பின்னுரிமையைக் கைவிட்ட பிள்ளைகளே தந்தைக்குக் கொடை கொடுத்தார்கள் என்றது தீர்ப்பு. அதன் மதிப்பு எவ்வளவு என்ற கேள்வியை அது பிற்பாட்டுக்கு விட்டுவைத்தது. மாநிலச் சட்டப்படி உடன்படிக்கை செல்லும் என்பதில் சிக்கலில்லை. செல்லுபடியானதே வரிக்கு வழிவகுத்தது.

இதற்குச் சில மாதங்கள் முன்பு, 2023 டிசம்பரில், அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.-இன் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பும் இதே திசையில்தான் போகிறது. உருவாக்கியவர் கட்டும் வருமான வரியை டிரஸ்டிலிருந்து ஈடுகட்டலாம் என்ற விதியைப் பயனாளிகளின் சம்மதத்தோடு சேர்த்தது, பயனாளிகள் செய்த கொடை என்று அது கூறியது. அந்தத் திருத்தத்துக்கு மாநில நீதிமன்றம் அனுமதி அளித்திருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, அறிவிப்புப் பெற்று ஆட்சேபிக்கும் உரிமையிருந்தும் பயனாளி பேசாமல் இருந்தாலும் விளைவு அதுவே என்று அந்தக் குறிப்பு சொல்வது. சம்மதம் தேவையில்லாத டீகேன்டிங் பாதுகாப்பானது என்று நினைத்தவர்களை இந்த வரி நிமிர்ந்து உட்கார வைத்தது. இத்தகைய குறிப்பு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் முன்னுதாரணம் அன்று. ஆனால் தணிக்கைக்கு வரும் அதிகாரி எதை எதிர்பார்த்து வருவார் என்பதை அது சொல்லிவிடுகிறது. டீகேன்டிங்கின் வரி விளைவுகள் குறித்து 2011-இல் பொதுமக்களிடம் ஐ.ஆர்.எஸ். கருத்துக் கேட்ட பின்னும் முழுமையான விதிமுறை வந்தபாடில்லை. இந்த வெற்றிடத்தில், யாருடைய பங்கும் கூடாமல் குறையாமல் நிர்வாகத்தை மட்டும் திருத்துவது ஓரளவு அச்சமில்லாத காரியம். பங்கே இடம் மாறும் திருத்தத்துக்கு முன் கணக்கு மதிப்பீட்டாளரிடம் எண்ணைக் கேட்டுவிட வேண்டும்.

1985 செப்டம்பர் 25 அன்றோ அதற்கு முன்போ ரத்து செய்ய முடியாததாகிவிட்ட டிரஸ்டுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை பொருந்தும். பேரப்பிள்ளைகளுக்குத் தாவிச் செல்லும் சொத்தின் மீதான வரியிலிருந்து அவை பழையவை என்பதாலேயே விடுபட்டவை. பங்கைக் கீழ்த் தலைமுறைக்கு நகர்த்தும் அல்லது காலத்தை நீட்டும் திருத்தம் அந்தச் சலுகையை இழக்கச் செய்யும். இவற்றை டீகேன்டிங் செய்ய, டிரஸ்டின் பத்திரமோ, அது ரத்து செய்ய முடியாததான காலத்து மாநிலச் சட்டமோ அந்த அதிகாரத்தைத் தந்திருக்க வேண்டும் என்று வரி விதி எதிர்பார்க்கிறது. முதல் டீகேன்டிங் சட்டமே 1992-இல்தான் வந்தது; ஆகவே மிஞ்சுவது பத்திரம்தான். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் எனும் அமெரிக்கக் கால்பந்து அணியின் உரிமையாளர் ராபர்ட் கிராஃப்ட் தம் நான்கு மகன்களுக்காக 1982-இல் ஏற்படுத்திய டிரஸ்டுகள், 2013-இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதன் பின்னணி இதுவே. மூலப் பத்திரத்தின் வாசகமே டிரஸ்டிக்கு அந்த அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து கொடுத்திருக்கிறது என்ற தீர்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. நீதிமன்ற அனுமதி தேவையில்லை என்று உறுதி செய்துகொள்ளவே அவர்கள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது என்பது இதிலுள்ள வேடிக்கை.

இன்னும் சில காரியங்களுக்கும் நீதிமன்றமே சரியான இடம். பத்திரம் எழுதியவர் தவறாக எழுதிவிட்டார், உருவாக்கியவரின் எண்ணம் வேறு என்றால், தெளிவான, நம்பவைக்கும் சான்றோடு நீதிபதியிடம் திருத்தம் கேட்பதே முறை; அது தொடக்க நாளிலிருந்தே நடைமுறைக்கு வரும், உடன்படிக்கையால் அதைச் சாதிப்பது அரிது. கூட்டாட்சி வரிக்கும் அது செல்ல வேண்டுமானால், அந்தத் தீர்ப்பு மாநில உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்திருந்தால் இன்னும் நல்லது. கீழ் நீதிமன்றங்களின் முடிவு தங்களைக் கட்டுப்படுத்தாது என்ற நிலைப்பாட்டுக்கு 1967-இன் பாஷ் வழக்கிலிருந்தே வரித் துறைக்கு ஆதாரம் இருக்கிறது. பயனாளிகளில் ஒருவர் கையெழுத்திட மறுத்தாலும், தர்ம நிறுவனத்துக்குப் பங்கிருந்து மாநில அட்டர்னி ஜெனரல் ஆட்சேபித்தாலும், தாய்க்கும் மைனர் பிள்ளைக்கும் நலன் மோதினாலும் குறுக்கு வழி தேடக் கூடாது. ஃபுளோரிடாவில் ஹாரெல் எதிர் பேட்ஜர் வழக்கில், பின்னுரிமை பெற்றவர்களுக்கு அறிவிப்பே அனுப்பாமல் செய்த டீகேன்டிங்கை 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது; ஊனமுற்ற பயனாளியின் நலனுக்காகச் செய்ததாகச் சொல்லப்பட்ட மாற்றம் அது.